ஆபரேட்டர் அக்காவும் ஆகாச போனும்

பேட்டரி என் கைக்கு வந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. காலை ஏழு மணி. எமரால்டு அணைப் பக்கமிருந்து ஏறி வந்த மூடுபனியில் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நின்ற ஜீப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. விரல்கள் மரத்துப்போய், பேனாவைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சூடு ஆச்சரியமாக இருந்தது. ஆபரேட்டர் அக்கா தன் ஸ்வெட்டருக்குள் மறுபடி கைவிட்டு இரண்டாவது பேட்டரியையும் எடுத்து மேசையில் வைத்தார். “குளிர்ல போட்டா சீக்கிரம் செத்துப்போவுது தங்கச்சி. நான் ரெண்டு நாளா பாக்குறேன். மேலோட வச்சிருந்தா கொஞ்ச நேரம் கூட ஓடுது” என்றார். கம்பெனி எனக்குக் கொடுத்திருந்த வழவழப்பான புத்தகத்தில் இப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை. நான் அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த பேட்டரி நன்றாக ஓடினால் அந்த அம்மாவின் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி சாட்டிலைட் போன் விற்க வந்திருந்தது. கம்பியும் கம்பமும் வேண்டாம், வானத்தைப் பார்த்துப் பேசினால் போதும் என்று சொல்லும் போன். ஒரு செங்கல் கனம், கட்டைவிரல் பருமனில் ஒரு ஆன்டெனா. அதற்கு நான் மார்க்கெட் பார்க்கும் பெண். ஆறு மாதம் தற்காலிகம், ரிப்போர்ட் நன்றாக அமைந்தால் நிரந்தரம். எங்கள் ரீஜினல் மேனேஜர் சுவரில் இருந்த வரைபடத்தில் நீலகிரி மேல் விரலை வைத்து, “மலை, காடு, மழை. லைன் கெடையாது. இதவிட நல்ல மார்க்கெட் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மலைக்கு பஸ் ஏறினேன். இன்றைக்கு நினைத்தால் என் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. மலையில் மழையும் காடும் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்ததும், பல பாக்டரிகள் வாரத்தில் இரண்டு நாள் புகை விட்டால் அதிசயம் என்று இருந்ததும் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

போன இடமெல்லாம் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் அந்தக் குறை சொல்ல முடியாது. ஜெகதளாவில் ஒரு தேயிலைத் தோட்டக்காரர் போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, பச்சை இலையைக் கொண்டுட்டுப் போனா பாக்டரிக்காரன் கேட்டைத் தொறக்க மாட்டேங்கிறான். நான் ஆகாசத்துல யாருகிட்டப் பேசறதுங்க?” என்று கேட்டார். கூடலூரில் ஒரு மிளகு வியாபாரி எத்தனை நேரம் பேசலாம் என்று மட்டும் கேட்டார். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு மணி நேரம், அதுவும் திறந்த வெளியில் நின்று பேசினால் என்று சொன்னேன். அவர் போனைக் கையில் தூக்கி எடை பார்த்து, “ஆளை அடிக்கான் கொள்ளாம்” என்றார். அடிக்க நன்றாக இருக்கும் என்று அர்த்தம். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

மூன்று வாரம் அலைந்த பிறகு ஒரே ஒரு எஸ்டேட் ஏழு நாள் சோதனைக்கு ஒத்துக்கொண்டது. எமரால்டு தாண்டி, அணைக்கு மேலே, சோலைக்காட்டை ஒட்டி இருந்த பழைய எஸ்டேட். அதன் மேனேஜர் ஈரோட்டுப் பக்கத்து மனிதர். நல்லவர்தான், ஆனால் முதலாளி நாளுக்கு நாள் செலவைக் குறை, ஆளைக் குறை என்று நெருக்கிக்கொண்டிருந்ததில் முகம் சுண்டிப்போயிருந்தார். போனைப் பார்த்ததும் அவருக்கு ஒரு வழி தெரிந்தது. ஆபீசில் ஒரு டெலிபோன் போர்டு இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒற்றை லைனை வாங்கி பங்களாவுக்கும் பாக்டரிக்கும் டிஸ்பென்சரிக்கும் கொடுக்கும் மரப் பலகை. அதற்கு ஒரு ஆபரேட்டர். மேனேஜர் என்னைத் தனியாக அழைத்து, “உங்க போன் ஒத்து வந்துச்சுன்னு வைங்க, போர்டைக் கழட்டிருவனுங்க. ஆபரேட்டர் வேலையும் இல்ல, குவார்ட்டர்சும் காலியாயிரும். முதலாளிகிட்ட அப்படிச் சொல்லித்தான் இதுக்குச் சம்மதமே வாங்கினேன். நீங்க அந்தம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிராதீங்க” என்றார். சரி என்றேன். எனக்கு என் ரிப்போர்ட்தான் கண்ணில் நின்றது. பிறகு அவர், “கெஸ்ட் பங்களாவை பூட்டியாச்சுங்க. நீங்க அந்தம்மா ஊட்டுலயே தங்கிக்குங்க. போனையும் அதுவே பாத்துக்கட்டும், போன் விசயம் அதுக்குத்தான் தெரியும்” என்றார். யாருடைய வேலைக்குக் குழி பறிக்க வந்தேனோ அவர் வீட்டிலேயே எனக்குச் சாப்பாடும் படுக்கையும்.

அந்த அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த குடும்பம். அப்பா அம்மா இருவரும் இங்கே வந்தும் கொழுந்து பறித்தே போய்ச் சேர்ந்தவர்கள். கணவர் பாக்டரியில் பாய்லர் பார்த்தவர், நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அதன் பிறகு, பத்தாவது வரை படித்த பெண் என்று எஸ்டேட்டில் இவரை போர்டில் உட்காரவைத்தார்கள். ஒரு மகள், அந்த வருடம் பத்தாம் வகுப்பு. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மேலே, ஆபீசுக்குப் பின்னால் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். வேலை போனால் அந்த வீடும் போகும், மகளின் பள்ளிக்கூடமும் போகும். தங்கிய முதல் நாளே எனக்கு இது முழுக்கப் புரிந்துவிட்டது. அவர் தேங்காய் ரொட்டி சுட்டு, அம்மியில் அரைத்த கட்டச் சம்பலை, அதாவது மிளகாய்த் துவையலை வைத்து, “உறைக்கும், பாத்துச் சாப்பிடுங்க” என்று தட்டை நீட்டியபோது எனக்கு உறைத்தது சம்பல் மட்டும் அல்ல. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாய் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன்.

அந்த போர்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊட்டியிலிருந்து எஸ்டேட்டுக்கு வரும் கம்பி காட்டுக்குள்ளேதான் வந்தது. காற்றடித்தால் கிளை விழும். காட்டெருமை முதுகு சொறிந்துகொண்டால் கம்பம் சாயும். மழைக்காலத்தில் ஒரு கால் போடுவதற்கு அக்கா காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் கிடைக்கும். கிடைத்தாலும் எந்த நிமிடத்தில் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த எஸ்டேட்டில் ஒரு பழக்கம் இருந்தது. லைன் ஒரு தடவை கிடைத்துவிட்டால் யாரும் கீழே வைக்க மாட்டார்கள். மேனேஜர் பேசி முடித்ததும் ரிசீவரை அப்படியே கிளார்க் கையில் கொடுப்பார். கிளார்க் பேசிவிட்டு பாக்டரிக்கு ஆளனுப்பி, அங்கே தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரை வரச் சொல்வார், அவர் வரும்வரை ரிசீவர் மேசைமேல் கிடக்கும். அந்தப் பக்கமும் அப்படித்தான். மறுமுனையில் இருப்பவர் ரிசீவரை வைத்துவிட்டுத் தேடிப் போய் வேண்டியவரைக் கூட்டிக்கொண்டு வருவார். நடுவில் பத்து நிமிடம் யாருமே பேசாமல் லைன் மட்டும் திறந்து கிடக்கும். அக்கா மட்டும் காதில் மாட்டியபடி லைன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். யாராவது தெரியாத்தனமாக வைக்கப் போனால், “லைனை விடாதீங்க” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு மேனேஜரே பயப்படுவார். அந்த மலையில் அவர்கள் அத்தனை பேருக்கும் போன் பேசப் பழக்கிவிட்டவர் அக்காதான்.

இது எனக்கு அப்போது ஒரு வேடிக்கையாகத்தான் தெரிந்தது. என் போனின் கதையே இதில்தான் முடியப்போகிறது என்று எந்தப் பாவி கண்டாள். கம்பெனிக்காரர்கள் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து, ஒரு ஆள் இரண்டு நிமிடம் பேசுவான், அணைத்துப் பையில் போடுவான், மறுபடி எடுப்பான் என்று கணக்குப் போட்டு அந்த பேட்டரியைச் செய்திருந்தார்கள். அந்த மாதிரி ஆள் ஒருவரையும் நான் நீலகிரியில் பார்க்கவில்லை.

அக்கா சோதனையை எடுத்துக்கொண்ட விதம் என்னை வெட்கப்படுத்தியது. ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி மேலே பிள்ளையார் சுழிக்குப் பதிலாக ஒரு சிலுவையைப் போட்டு, மணிவாரியாக எழுத ஆரம்பித்தார். வேதக்கோயிலுக்குப் போகிறவர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். “காலை 8. பெரட்டுக் களத்தில் நின்று பேசியது. குரல் தெளிவு.” பெரட்டு என்றால் அவர்கள் பாஷையில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். “காலை 10. சில்வர் ஓக் மரத்தடியில் கிடைக்கவில்லை. இருபது அடி நகர்ந்ததும் கிடைத்தது.” “மதியம் 2. கரண்ட் இல்லை. பாக்டரி ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டேன்.” கிடைத்த இடத்தில் கிடைத்தது என்று எழுதினார், கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்று எழுதினார். வேறு யாராவது இருந்தால் பழக்கமில்லாத பொருளின் மேல் ஒரு எரிச்சலாவது காட்டியிருப்பார்கள். அவர் மழையில் நனைந்துகொண்டு, பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் அந்தக் கருப்புச் செங்கலைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார். லயத்துப் பிள்ளைகள் “ஆகாச போனு, ஆகாச போனு” என்று பின்னாலேயே ஓடும். அவற்றை விரட்டவும் மாட்டார்.

மூன்றாம் நாள், மேனேஜர் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா மகளின் பாவாடைக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். “அக்கா, இந்த போன் வந்துச்சுன்னா...” என்று இழுத்தேன். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “வந்தா நல்லதுதான். போன மழையில ஒரு பிள்ளைத்தாச்சிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட முடியாம ஆள் எமரால்டு வரைக்கும் ஓடுனாங்க” என்றார். எழுந்து போய் வாசலில் நின்று மழையை வேடிக்கை பார்த்தேன்.

ஏழாம் நாள்தான் முக்கியமான நாள். கோயம்புத்தூரில் இருந்த முதலாளியிடம் மேனேஜர் அந்த போனில் பேச வேண்டும், அவர் திருப்திப்பட்டால் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. காற்றில் ஆபீஸ் லைன் முந்தின நாளே போய்விட்டிருந்தது, ஆகவே என் போனுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பாக்டரி நான்கு நாளாக ஓடவில்லை. அடுத்த மாதம் ஓட்டுவதா மூடுவதா என்று முதலாளி அன்றைக்குச் சொல்வதாக இருந்தார். பெரட்டுக் களத்தின் நடுவில், மேலே ஒரு கை அகலத்துக்கு வானம் வெளுத்திருந்த இடத்தில், எல்லோரும் கூடி நின்றோம். அக்கா ஸ்வெட்டருக்குள்ளிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டு, ஆன்டெனாவை நீட்டி, நம்பரை அழுத்தினார். இரண்டாவது முயற்சியிலேயே கிடைத்தது. மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த ஏழு நாளில் நான் பார்க்கவில்லை.

அவர் பேசினார். பேசி முடித்துப் பழக்க தோஷத்தில் போனைக் கிளார்க் கையில் கொடுத்தார். கிளார்க் பேசிவிட்டு, மறுமுனையில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, போனைப் பக்குவமாக ஜீப் பானெட் மேல் நிறுத்தினார். கணக்குப்பிள்ளை அங்கே மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும். இங்கே டீமேக்கரைக் கூட்டிவர பாக்டரிக்கு ஆள் ஓடினான். போன் பானெட் மேல் சும்மா நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா முன்னால் வந்து, “தொரை, இப்ப வச்சிட்டு மறுபடி போடுவோம். சும்மா கெடந்தாலும் பேட்டரி எறங்கும்” என்றார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கெடச்ச லைனை விடறதா? நீயா சொல்றது?” என்றார். கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்கா இரண்டாம் தடவையும் சொன்னார். கிளார்க், “இருங்கம்மா, லைனை விடாதீங்கன்னு நீங்கதான எங்களுக்குப் படிச்சுக் குடுத்தீங்க” என்றார். டீமேக்கர் வந்து பேசி, கணக்குப்பிள்ளை வந்து பேசி, டிஸ்பென்சரி கம்பவுண்டர் அங்கே வேலை பார்த்த தன் மச்சானை ஒரு வார்த்தை விசாரித்து, கடைசியில் முதலாளி மறுபடி வந்தார். மேனேஜர் போனை வாங்கி, “சொல்லுங்க, பாக்டரியை என்ன பண்றதுன்னு சொல்லுங்க” என்றார். அவர் முகம் கவனமாகக் குனிந்தது. அப்புறம் நிமிர்ந்தது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. இரண்டாவது பேட்டரி காலையிலேயே தீர்ந்திருந்தது, ஜெனரேட்டர் ஓடவில்லை. முதலாளி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள மேனேஜர் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊட்டி வரை போய் போன் போட வேண்டியதாயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டலாம் என்று சொல்லியிருந்தாராம். மேனேஜர் திரும்பி வந்து என்னிடம், “இது நமக்கு ஆகாதுங்க மேடம்” என்றார். திட்டக்கூட இல்லை.

கோயம்புத்தூரில் எங்கள் ரீஜினல் மேனேஜர் திட்டினார். கதையைக் கேட்டு முடித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். “அந்தப் பொம்பளைக்கு வேலை போயிரும்னு தெரிஞ்சிருக்கு. வேணும்னே பேட்டரியைத் தீத்திருக்கா. ஆபரேட்டர் தவறாகக் கையாண்டார்னு ஒரு வரி போடு. எஸ்டேட் மேனேஜர்கிட்ட நான் பேசறேன். அந்தம்மாவை மொதல்ல எடுத்துட்டு, போனைக் கிளார்க் கையில குடுத்து இன்னொரு டிரையல் வாங்கலாம்” என்றார். என் நிரந்தர உத்தரவு அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதையும் ஒரு தடவை விரலால் தட்டிக் காண்பித்தார்.

என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த வரியை நான் டைப் அடித்தேன். ஆங்கிலத்தில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். அதற்கு ஆதாரமாக அக்காவின் நோட்டிலிருந்து ஏழாம் நாள் பக்கத்தைச் சேர்க்கலாம் என்று நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தை அதுவரை நான் படித்திருக்கவில்லை. அதில் இப்படி எழுதியிருந்தார்: “போன் மேல் குற்றம் இல்லை. லைனை வைத்துவிட்டு மறுபடி போடத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல போன். எங்களுக்கு அது பழக்கம் இல்லை. பழக்காதது என் தவறு. ஒரு மாதம் கொடுத்தால் எல்லோரையும் பழக்கிவிடலாம்.” தனக்கே எதிரான சாட்சியைத் தன் கையாலேயே எழுதி, தேதியும் போட்டு, என் பையில் வைத்து அனுப்பியிருக்கிறார். நான் அந்த டைப் அடித்த தாளை உருவி நாலாகக் கிழித்தேன்.

பிறகு எழுதிய ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொன்னேன். மலையில் போனுக்குத் தேவை இருக்கிறது, ஆனால் வாங்கும் நிலையில் ஆள் இல்லை. இருக்கிறவர்களும் ஒரு போனை ஒரு ஊராகப் பேசுகிறவர்கள், தனி ஆளுக்கென்று செய்த பேட்டரி அவர்களுக்குக் காணாது. குளிரும் மின்வெட்டும் மரமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆபரேட்டர் செய்ததில் தவறு ஒன்றும் இல்லை. ரீஜினல் மேனேஜர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டேன். எஸ்டேட் போன் வாங்காததால் உங்கள் வேலை தொடரும் என்று எப்படி எழுத முடியும்? எனக்கு வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது, அதனால் மாறிக்கொண்டேன் என்று மட்டும் எழுதினேன். பச்சைப் பொய். எட்டு மாதம் சும்மா வீட்டில் இருந்தேன்.

அந்த கம்பெனியும் ரொம்ப நாள் நிற்கவில்லை. வாங்க ஆளில்லாமல் மெல்ல மெல்ல ஓய்ந்துபோனது. எனக்குப் பிற்பாடு ஊர் ஊராகப் போய் ஜனங்கள் எதை வாங்குவார்கள், எதை வாங்க மாட்டார்கள் என்று கேட்டெழுதும் வேலை கிடைத்தது. இருபது வருடத்துக்கு மேல் அதில்தான் சாப்பிட்டேன். கிரைண்டர், கொசுவலை, சோலார் விளக்கு என்று எத்தனையோ பார்த்தாயிற்று. எங்கே போனாலும் வாங்குவீர்களா என்று கேட்பதற்கு முன்னால் பொருளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்ப்பேன். கூட வேலை செய்தவர்கள் இது என்ன புது முறை என்று கேட்பார்கள். ஒரு எஸ்டேட் ஆபரேட்டரிடம் ஏழு நாளில் கிடைத்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

போன வருடம் ஒரு வேலையாக ஊட்டிக்குப் போனவள், எமரால்டுக்கு பஸ் ஏறினேன். அக்காவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மகள் நர்ஸ் படிப்பு முடித்து ஊட்டியில் வேலை பார்க்கிறாள், எமரால்டிலேயே சின்னதாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு அம்மாவை வைத்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். தெருவில் போகிற ஒவ்வொருவர் காதிலும் ஒரு போன். அக்காவின் ஸ்வெட்டர் பையிலும் ஒன்று மணி அடித்தது, எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார். டவர் வந்த பிறகுதான் போர்டைக் கழற்றினார்களாம். அதற்குள் மகள் படித்து முடித்துவிட்டாள். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், பொறுப்பில் இருந்திருக்கிறார்.

டீ குடித்த பிறகு, இனியும் தள்ளிப்போட முடியாது என்று ஆரம்பித்தேன். “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அந்த போன் ஒத்து வந்திருந்தா...”

“போர்டைக் கழட்டியிருப்பாங்க, என்னய அனுப்பியிருப்பாங்க. தெரியும் தங்கச்சி” என்றார் அவர். “நீங்க ஜீப்பை விட்டு எறங்குறதுக்கு மொத நாளே தொரை முதலாளிகிட்ட பேசுனார். லைன் உசுரோட இருக்கான்னு காதுல வச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருப்பேன். பேசுறவங்களுக்கு அது மறந்துபோவும்.”

தெரிந்துமா அந்த நோட்டில் அப்படியெல்லாம் எழுதினீர்கள் என்று கேட்டேன். “போன் என்ன பாவம் பண்ணுச்சு. இருக்கறதத்தான எழுதணும். பொய்யெழுதிக் காப்பாத்துன வேலையில தெனமும் போயி எப்படி உக்கார்றது?” என்றார், ஏதோ ரேஷன் கடை விஷயம் பேசுகிற மாதிரி. இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “போர்டுல கேட்டதை வெளிய பேசக் கூடாதுங்க. அது வேலைக்கு வர்றப்பவே பைபிள்ல கைவச்சு நானா எடுத்துக்கிட்ட சத்தியம். இப்ப போர்டும் இல்ல, அந்த தொரையும் இல்ல, முதலாளியும் போயிட்டார். இனிச் சொன்னா தப்பில்ல” என்றவர், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இன்னொண்ணும் கேட்டேன். அதைத்தான் இத்தன வருசமாச் சொல்ல முடியாமக் கெடந்தேன்.”

நான் எஸ்டேட்டிலிருந்து போன ஒரு மாதம் கழித்து ஒரு கால் வந்ததாம். கோயம்புத்தூரிலிருந்து எங்கள் ரீஜினல் மேனேஜர். அக்காதான் வாங்கி பங்களாவுக்குக் கொடுத்திருக்கிறார். “ஆபரேட்டர் மேல ஒரு வரி எழுத மாட்டேன்னுட்டா அந்தப் பொண்ணு, வேலைய விட்டே எடுத்துட்டோம்னு அவர் சொல்றார். தொரை அடப்பாவமேங்கிறார். நான் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அழுதா சத்தம் லைன்ல போயிருமேன்னு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டேன் தங்கச்சி. மறுவாரம் உங்க லெட்டர் வருது, நல்ல வேலை கெடச்சிருச்சுன்னு.”

அன்றைக்கு அடக்கியதையெல்லாம் என் தோளில் முகத்தைப் புதைத்துச் சத்தமாகவே அழுதார். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்டு நன்றி சொல்ல வந்தவள் நான். அதில் அவர் முந்திக்கொண்டார்.